முப்பத்து மூன்று டிகிரி

களிமண் மாடலின் மேல் கிடந்த கறுப்புத் துணியை ஜாக்கெட் உருவியபோது அறையில் நின்ற பதினாறு பேரும் கை தட்டினார்கள். பதினேழாவது ஆள் தட்டவில்லை. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாக்கெட் என்பது அந்த மோட்டார் சைக்கிள் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவருக்கு டெஸ்ட் ரைடர்கள் வைத்த பெயர். ஏசி ஓடும் அறையிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றாத மனிதர் அவர். முழங்கையில் பட்டை பட்டையாகத் தையல், மார்பில் நான்கு ஜிப், கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. புயலில் வண்டி ஓட்டி வந்து இப்போதுதான் இறங்கியவர் போல இருப்பார். கம்பெனிக்கு வருவதென்னவோ டிரைவர் ஓட்டும் காரில், பின் சீட்டில்.

கை தட்டாதவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அரம். இரும்பை ராவுகிற அரம்தான். வண்டியின் ஃபிரேம், ஃபோர்க், சஸ்பென்ஷன் எல்லாம் அவள் பொறுப்பு. அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம். தன் நாக்குக்கு வைத்த பெயர் அது என்று அவளுக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இது வண்டி இல்ல," என்றார் ஜாக்கெட், இரண்டு கைகளையும் மாடலின் மேல் விரித்து. "இது ஒரு மனநிலை."

"மனநிலைக்கு பிரேக் எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா நான் டிராயிங் போட ஆரம்பிச்சிடுவேன்," என்றாள் அரம்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்காததைக் கண்டு சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். கம்பெனியிடம் நானூற்று ஐம்பது சிசி இன்ஜின் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நல்ல இன்ஜின். அதை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்று இரண்டு வருஷமாகச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதே இன்ஜினில் ஒரு குரூசர் செய்யலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு மெத்தையில் சாய்ந்ததுபோல் போகிற வண்டி. பெரிய வண்டி வாங்க மனசு இருக்கும், அதைத் தள்ளிக்கொண்டு போக உடம்பில் தெம்பு இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கான நடுத்தர குரூசர்.

அரத்துக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. குரூசர் என்றாலே அவளுக்கு வேஷம். இன்ஜின் தண்ணீரில் குளிர்கிறது. ஆனால் காற்றில் குளிர்கிற பழைய இன்ஜின் போலத் தெரிய வேண்டும் என்று அதன் மேல் வெறும் அழகுக்குத் தகடுகள். பெட்ரோல் டாங்க் பார்க்க இருபது லிட்டர். உள்ளே பாதி இடத்தை ஏர் ஃபில்டர் பெட்டி அடைத்துக்கொள்ள, பிடிப்பது பன்னிரண்டு. வலது பக்கம் இரண்டு சைலன்சர். அதில் ஒன்றுக்குள் புகையே போகாது, சும்மா ஒரு குழாய். அந்த ஊமைச் சைலன்சரைக் கழற்ற வைக்க அவள் மூன்று மீட்டிங் சண்டை போட்டாள். "நாலு கிலோ எடைக்கு ஒரு பொய்யைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். அந்தச் சண்டையில் ஜெயித்தாள். ஜெயித்ததை மூன்று வாரம் சொல்லிக் காட்டினாள்.

இப்போது அவள் பையிலிருந்து சாய்வுமானியை எடுத்து, களிமண் மாடலில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் வைத்தாள். நிமிர்ந்த நிலையிலிருந்து சாய்வு முப்பத்து மூன்று டிகிரி என்று சின்னத் திரை காட்டியது.

"போன மாசம் இருபத்தெட்டு டிகிரின்னு பேசி முடிச்சோம்."

"இருபத்தெட்டுல அது ஆபீசுக்குப் போற வண்டி மாதிரி நிக்குது மேடம்," என்றார் ஜாக்கெட். "எனக்கு அந்தக் கோட்டுல ஒரு சோம்பல் வேணும். ஒரு திமிர் வேணும்."

"சோம்பலுக்கு அஞ்சு டிகிரியா?"

டைரக்டர் நடுவில் புகுந்தார். குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர்; எந்தச் சண்டையையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட விடமாட்டார். "பார்க்க நல்லாத்தானேம்மா இருக்கு? உங்களால முடியுமா முடியாதா?"

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதுதான் அவளுடைய வியாதி. "எதுவும் முடியும் சார்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

கணக்குப் போட அவளுக்கு நான்கு நிமிஷம் பிடித்தது. ஹேண்டில்பார் திரும்பும் அச்சை ஒரு கோடாக நீட்டித் தரைவரை இறக்கினால், அது தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இருபத்தெட்டு டிகிரியில் அது பன்னிரண்டு சென்டிமீட்டர். முப்பத்து மூன்றில் பதினைந்தரை. நேர்ச்சாலையில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஆனால் நடக்கிற வேகத்தில் திருப்பினால், ஹேண்டில்பார் ஒரு அளவுக்கு மேல் தானாகவே பக்கவாட்டில் விழும். கை நீளமானவன் பிடித்துக்கொள்வான். மற்றவன் பாடு திண்டாட்டம்.

மருந்தும் அவளுக்குத் தெரியும். இரண்டு ஃபோர்க் குழாய்களையும் கவ்விப் பிடிக்கும் யோக் என்ற வார்ப்பை மாற்றி, குழாய்களை இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டால் போதும். சாய்வும் அப்படியே இருக்கும், தூரமும் பன்னிரண்டரைக்கு இறங்கிவிடும். ஆனால் பழைய வண்டியின் யோக்கையே போடுவதாக ஏற்பாடு. புதிதென்றால் புது அச்சு செய்ய வேண்டும், ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும், டைரக்டர் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக விளக்க வேண்டும், பக்கத்தில் ஜாக்கெட் உட்கார்ந்து கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருப்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

அவள் குறிப்பு எழுதவில்லை. டிராயிங்கின் ஓரத்தில், கருத்து என்ற கட்டத்தில், பேனாவால் ஒரே வரி எழுதினாள்: 'படம் வரைந்தவர்கள் ஓட்டிப் பார்த்து மகிழட்டும்.' கீழே கையெழுத்துப் போட்டாள். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் இந்த ஓவியர்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வண்டி வெளியே வரும், டெஸ்டில் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதென்று புகார் வரும், எல்லோரும் அவளிடம் ஓடி வருவார்கள். அப்போது யோக்கைப் பற்றிச் சொல்லலாம். கெஞ்ச விட்டுச் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் போன் செய்தான். ஐம்பதைத் தொடப் போகிறவன், மருந்துக்கடை வைத்திருப்பவன். மூன்று மாதமாக ஒரே பாட்டு.

"தங்கச்சி, அந்த குரூசர் எப்ப வருது? சத்தம் எப்படி? டுப்பு டுப்புன்னு வருமா?"

"நீ அதுல எங்க போகப் போற? கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு சிக்னல் இருக்கு."

"வண்டின்னா எங்கயாவது போகணுமா என்ன? சும்மா ஒரு இது."

"தொப்பைய வைக்க டாங்க் மேல தனியா ஒரு பள்ளம் போடச் சொல்லட்டுமா?"

அண்ணன் பலமாகச் சிரித்தான். அவன் எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டான். அவளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

முதல் வண்டி தயாராகி டெஸ்ட் மைதானத்துக்கு வந்தது. ஓட்டப் போகிறவர் பூனை. கம்பெனியின் மூத்த டெஸ்ட் ரைடர். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை வண்டி காலை வாரியும், ஒவ்வொரு முறையும் நின்றபடியே இறங்கிய மனிதர். அதனால் அந்தப் பெயர். ஒடிசலான உடம்பு, அளந்த பேச்சு. வண்டியைப் பற்றி அவர் சொல்வதை அரம் மறுவார்த்தை பேசாமல் எழுதிக்கொள்வாள். கம்பெனியில் அவள் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான்.

காலை பத்து மணிக்கு நேர்ப்பாதையில் ஓட்டிவிட்டு வந்து, "நேராப் போறப்ப தூக்கமே வருது மேடம், அவ்வளவு சுகம்," என்றார். பிறகு திருப்பும் சோதனை. ஆறு மீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்ட பாதை; அதற்குள் வண்டியை முழுதாகத் திருப்ப வேண்டும். பின் சீட்டில் ஆளுக்குப் பதிலாக எழுபது கிலோ மணல் மூட்டை. அரம் ஓரத்தில் டீ கிளாசோடு நின்றாள். புகார் வரப் போகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு முறை திருப்பினார். ஒவ்வொரு முறையும் அவர் தோள் இறுகுவது அங்கிருந்தே தெரிந்தது. ஐந்தாவது முறை, வலப்பக்கம், ஹேண்டில்பார் முட்டும்வரை போய் அப்படியே விழுந்தது. அதோடு வண்டியும் விழுந்தது. குதிக்க அவருக்கு இடமில்லை. காலைத்தான் முன்னால் நீட்டி வைத்திருக்கிறாரே. இருநூற்றுப் பத்து கிலோ வண்டியும் மணல் மூட்டையும் அவருடைய வலது கணுக்கால் மேல் இறங்கின.

அவள் எதிர்பார்த்தது ஒரு புகார். டீ கிளாஸ் எப்போது கையை விட்டுப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் நான்கு பேரோடு சேர்ந்து வண்டியைத் தூக்கினாள். பூனை கத்தவில்லை. "இது என் தப்பில்ல," என்று மட்டும் சொன்னார், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, இரண்டு முறை.

மூன்றாம் நாள் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் விபத்து அறிக்கை தயாராக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் முன்பே தட்டச்சு செய்திருந்தது: ரைடரின் கவனக்குறைவு. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். இரண்டு போட்டாகிவிட்டது. ஜாக்கெட் எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாவம், அவருக்கும் வயசாயிடுச்சு இல்லையா," என்றார் ஜாக்கெட். "ரிஃப்ளெக்ஸ் எல்லாம் முன்ன மாதிரி இருக்காது. ஸ்டோர்ஸ்ல ஒரு வேலை குடுத்தா நிம்மதியா இருப்பாரு."

"உங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு போல. மூணே நாள்ல பழி போட ஆள் பிடிச்சிட்டீங்க," என்றாள் அரம். "அந்தச் சாய்வு வேணும்னு யார் கேட்டது? கோட்டுல திமிர் வேணும்னு யார் சொன்னது?"

டைரக்டர் கோப்பிலிருந்து டிராயிங்கை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஓரத்தில் அவளுடைய கையெழுத்து. அதற்கு மேல் அந்த ஒரு வரி.

"மகிழட்டும்னு எழுதியிருக்கீங்க," என்றார். "யாரும்மா மகிழ்ந்தது?"

டிராயிங்கை அவரே எடுத்து மறுபடி கோப்புக்குள் வைத்தார்.

"ரைடர் தப்புன்னா இந்த ரூம்ல இருக்கிற மூணு பேருக்கும் ஒண்ணும் இல்ல. வண்டி தப்புன்னா முதல்ல மாட்டுறது இந்தக் கையெழுத்து. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு ஒரு நாள் வேணும் சார்."

"எடுத்துக்கங்க. ஆனா ஒரு நாள்தான்."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தவள், என்ன தோன்றியதோ, அண்ணனுக்குப் போன் செய்தாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, சத்தமாக இருந்தது.

"அண்ணே, உன் வீட்டு வாசல்ல வண்டிய எப்படித் திருப்புவ?"

"ஏன், தெரு முட்டுச் சந்துதானே. உள்ள போய் ஒரு ரவுண்டு அடிச்சுத் திருப்பி நிறுத்துவேன். உங்க அண்ணி பின்னாடி உக்காந்துக்கிட்டு, மெதுவா மெதுவான்னு முதுகுல குத்துவா. எதுக்குக் கேக்கற? வண்டி வந்திடுச்சா?"

"இன்னும் வரல," என்று வைத்துவிட்டாள். அண்ணனுடைய குட்டைக் கைகள் அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணியின் எடையும் தெரியும். மணல் மூட்டையைவிடக் கூடத்தான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவள் பூனையின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டுப் போட்ட காலோடு அவர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறியதாகக் கதவைத் திறந்த மனைவி சொன்னாள். முன்னறையை முக்கால்வாசி தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. பாக்கி இடத்தில் ஒரு கட்டில், அதன்மேல் தலையணை அடுக்கி அதில் காலைத் தூக்கி வைத்தபடி பூனை. அக்கம்பக்கத்தாரின் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது மனைவியின் தொழில்; அவள் மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்க மேடம்," என்றார் பூனை. "ஸ்டோர்ஸ்னு பேசிக்கிறாங்களாமே. காதுக்கு வந்திடுச்சு."

"அப்படி எதுவும் நடக்க விடமாட்டேன்."

"அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்த ஸ்டீயரிங் இப்படி விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

வழக்கமாக அவளுடைய நாக்கு கேள்வி முடியும் முன்பே தயாராக நிற்கும். இப்போது அது வாய்க்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டது.

"தெரியும்," என்றாள்.

தையல் மெஷின் நின்றது. பூனை ஜன்னலைப் பார்த்தார். மனைவிதான் முதலில் பேசினாள்.

"தெரிஞ்சுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்கமாட்டாங்கன்னு... பட்டுத் தெரியட்டும்னு விட்டுட்டேன்."

"ஆக, ஜாக்கெட் போட்ட ஆளுக்குப் புத்தி வரணும்னு எங்க வீட்டுக்காரர் கால ஒடச்சீங்களாக்கும்," என்றாள் அந்த அம்மாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "இவரு வந்து வந்து உங்க பேச்சுதான் பேசுவாரு. அவங்க ரொம்பக் கெட்டிக்காரி, அவங்க ரொம்பக் கெட்டிக்காரின்னு. நல்ல கெட்டிக்காரித்தனம்."

"நீ சும்மா இரு," என்றார் பூனை. பிறகு அரத்தைப் பார்த்தார். "ஆனா அவ சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஜாக்கெட்டுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமப் போட்டாரு. நீங்க தெரிஞ்சு போட்டீங்க. ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. டிராயிங்ல உங்க கையெழுத்து இருக்கான்னு பாப்பேன் மேடம். இருந்தா வேற எதுவும் பாக்காம ஏறிடுவேன். இத்தனை வருஷமா அப்படித்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"இனிமே ஒண்ணு பண்ணுங்க," என்றார். "நீங்க கையெழுத்துப் போட்ட வண்டிய முதல்ல நீங்க திருப்பிக் காட்டுங்க. அப்புறம் நான் ஏறறேன்."

"நான் ஸ்கூட்டர்தானே ஓட்டறேன்."

"கத்துக்கங்க."

படியிறங்கும்போது அவளுக்கு ஜாக்கெட் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் அதிகமாக வந்தது. ஓட்டத் தெரியாத ஆள் வண்டி வரைகிறான் என்று பத்து வருஷமாக அந்த மனிதனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அவள் மட்டும் எந்த வண்டியை ஓட்டிப் பார்த்தாள்? நாக்கை ஓட்டினாள், அவ்வளவுதான். சே, என்ன பிழைப்பு இது.

ஆபீஸ் திரும்பி அறிக்கை எழுதினாள். மூன்று பக்கம். கேலி ஒரு வரிகூடக் கிடையாது. சாய்வு எவ்வளவு, தூரம் எவ்வளவு, எத்தனை கிலோ பாரத்தில் ஹேண்டில்பாரைப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும், புது யோக் எப்படி இருக்க வேண்டும், எல்லாம் எழுதினாள். கடைசிப் பத்தியில், 'இந்தக் குறை டிராயிங்கில் கையெழுத்திடும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. நான் உரிய முறையில் தெரிவிக்கவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒரு முறை படித்தாள். எதையும் அடிக்கவில்லை.

டைரக்டரிடம் அதை உடனே கொடுக்கவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குப் பெயின்ட் அடித்த முதல் வண்டியைப் பார்க்க எல்லோரும் மைதானத்துக்கு வருவதாக இருந்தது. விளம்பரப் பிரிவிலிருந்து போட்டோகிராபர் ஒருவரும் வந்திருந்தார். கைதட்டிய அந்தப் பதினாறு பேரும் நிழல் பார்த்து நின்றார்கள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்று ஜாக்கெட்டிடம் போனாள் அரம். "பூனைக்கு வயசாயிடுச்சுன்னீங்க. உங்களுக்கு வயசு கம்மிதான். அந்தக் கோட்டுக்குள்ள ஒரு தடவ திருப்பிக் காட்டிடுங்க. மணல் மூட்டைகூட வேணாம்."

போட்டோகிராபர் கேமராவை உயர்த்திவிட்டார். ஜாக்கெட்டுக்கு வேறு வழியில்லை. கழுத்துத் துணியை இறுக்கி, ஹெல்மெட்டை மாட்டி, ஏறி உட்கார்ந்தார். பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆயிற்று. கியர் போட்டார். நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி கியர், மறுபடி நின்றது. மூன்றாவது முறை நின்றபோது வண்டியை ஒரு முறை முறைத்துவிட்டு, "எலெக்ட்ரிகல்ல ஏதோ பிரச்சினை," என்றார்.

"சைடு ஸ்டாண்டை எடுங்க சார்," என்றார் டெஸ்ட் ரைடர் ஒருவர்.

ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி கிளம்பியது. கோடு போட்ட பாதைக்குள் நுழைந்தது. திரும்ப வேண்டிய இடம் வந்தது. ஹேண்டில்பாரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அது விழப் பார்த்ததும் சட்டென்று நேராக்கிக்கொண்டார். நேராக்கியவர் நேராகவே போனார். கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, இருநூறு மீட்டர் தள்ளி மதில் சுவர் வரைக்கும் போய் நின்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் இறங்கவுமில்லை, திரும்பவுமில்லை. கையைத் தூக்கி ஆட்டினார். போஸ் கொடுக்கிறார் என்று நினைத்துப் போட்டோகிராபர் இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஹாரன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, கெஞ்சுவதுபோல.

நான்கு டெஸ்ட் ரைடர்கள் நடந்து போனார்கள். அவர் இறங்கி ஓரமாக நிற்க, வண்டியை முன்னும் பின்னுமாக உருட்டி முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, மறுபடி நேராகவே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "திருப்பும் வட்டம் பத்தி எனக்கு ஒரு சின்ன ஃபீட்பேக் இருக்கு," என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது: "வண்டி என்ன சார் பண்ணும், அதோட மனநிலை அப்படி."

அவ்வளவுதான். டைரக்டரைத் தவிர எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அரம் சிரிக்கவில்லை. இப்படி ஒரு நாளுக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! வந்தபோது அதில் ருசியே இல்லை.

அவள் மூன்று பக்கங்களையும் டைரக்டரிடம் நீட்டினாள். அவர் வெயிலில் நின்றபடியே படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க பேரையும் சேத்திருக்கீங்க."

"இருந்துச்சு. சேத்தேன்."

"இது எங்க போய் முடியும்னு தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"புது யோக் எத்தனை வாரம்?"

"ஆறு. பலம் பாக்க இன்னொரு வாரம்."

அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "இத அப்பவே இப்படி எழுதியிருந்தா அப்பவே குடுத்திருப்பேனேம்மா," என்றார். அன்று கேட்டதிலேயே அவளுக்கு அதிகமாக வலித்தது அதுதான்.

வண்டி ஏழு வாரம் தள்ளிப் போனது. பத்திரிகைக்காரர்களிடம், ஒரு புதிய அடர்சிவப்பு நிறத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். விபத்து அறிக்கையில் காரணம் திருத்தப்பட்டது: வடிவமைப்புக் குறை. பூனையின் வேலையை யாரும் தொடவில்லை. அந்த வருஷம் அரத்துக்கு வரவேண்டிய தலைமை இன்ஜினியர் பதவி கியர்பாக்ஸ் பிரிவில் ஒருவருக்குப் போயிற்று. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. ஜாக்கெட்டோ, புது யோக்கை மேடையில் சுட்டிக்காட்டி, ஃபோர்க் காற்றில் மிதப்பதுபோல் தெரிய வேண்டும் என்று தான்தான் அதை முன்னால் தள்ளச் சொன்னதாக நாற்பது நிமிஷம் பேசினார். அதற்கு ஒரு வடிவமைப்பு விருதும் கிடைத்தது. விருதை வாங்கியதும் அதே ஜாக்கெட்டோடுதான்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அதற்கு முன்னால், விபத்து நடந்த ஒன்பதாவது வாரம், பூனை கைத்தடியோடு மைதானத்துக்கு வந்தார். ஓரத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெறுமனே அவளைப் பார்த்தார்.

நாலு வாரமாக அரம் தினமும் காலையில் ஒரு பழைய வண்டியில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை விழுந்திருந்தாள். முழங்காலில் தழும்புகூட இருந்தது. இப்போது கடன் வாங்கிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புது யோக் பொருத்திய குரூசரில் ஏறினாள். பின் சீட்டில் மணல் மூட்டை. கோட்டுக்குள் போய், வலப்பக்கம் திருப்பினாள். ஹேண்டில்பார் அவள் கையோடு வந்தது, கையை மீறவில்லை. இடப்பக்கம் திருப்பும்போது பயந்து காலை ஊன்றிவிட்டாள்.

"கால ஊனாதீங்க," என்றார் பூனை. "வண்டி மேல தப்பில்ல. பயந்துட்டீங்க. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை திருப்பினாள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. மூன்றாவதில் கால் ஊன்றவில்லை.

அவர் எழுந்து வந்தார். தடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வலது காலை ஜாக்கிரதையாகத் தூக்கிப் போட்டு ஏறினார். ஒன்பது முறை திருப்பினார், மெதுவாக, மேலும் மெதுவாக, கடைசியில் நடப்பதைவிட மெதுவாக. வண்டியை நிறுத்தி இறங்கியதும் தடிக்காகக் கையை நீட்டினார்.

"கிளட்ச் லீவர் தூரமா இருக்கு. இடது கண்ணாடி ஆடுது. சீட்டுல முன்பக்கம் ஒரு மேடு, தொடையில இடிக்குது."

நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவள் முகத்தையும் அதிகம் பார்க்கவில்லை. அவள் நோட்டை எடுத்து மூன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு, "மேடு எந்தப் பக்கம்? ரெண்டு தொடையிலயுமா?" என்று கேட்டாள்.